போர்ட்டுக்கும் ஒரு முகவரி: வாசகர் கேள்வி-பதில்

கே: ஒரு போர்ட் எண்ணை மாற்ற, ஜாவா மென்பொருள்களை இயக்கும் கிளாஸ்ஃபிஷ் சர்வர் இவ்வளவு நீளமான பெயரைக் கேட்கிறதே! ‘போர்ட்’ என்று மட்டும் சொன்னால் போதாதா?
(தொழிற்சாலைக் கணினிப் பிரிவு ஊழியர், கும்மிடிப்பூண்டி)

ப: எந்த போர்ட்? நிறுவி முடித்ததுமே மூன்று லிசனர்கள் (இணைப்புக்காகக் காத்திருக்கும் வாயில்கள்) தயாராக நிற்கின்றன. சாதாரண இணைப்புக்கு 8080, பாதுகாப்பான இணைப்புக்கு 8181, நிர்வாகத் திரைக்கு 4848. மூன்றிலும் அந்த அமைப்பின் பெயர் ‘போர்ட்’தான். எனவேதான் சர்வர்-கான்ஃபிக், நெட்வொர்க்-கான்ஃபிக், நெட்வொர்க்-லிசனர்ஸ், நெட்வொர்க்-லிசனர், எச்டிடிபி-லிசனர்-1, போர்ட் என்று படிப்படியாக இறங்கி, இடையிடையே புள்ளி வைத்து எழுதுகிறோம். நீளம் தொல்லைதான், ஆனால் தப்பான கதவைத் தட்டாமல் காப்பாற்றுவதும் அந்த நீளமே.

கே: தபாலில் வீட்டு எண்ணில் தொடங்கி மாநிலத்தில் முடிக்கிறோம். சர்வரில் மட்டும் ஏன் தலைகீழ்?
(கல்லூரி மாணவி, பள்ளிப்பட்டு)

ப: நல்ல கவனிப்பு. இணையதளப் பெயரும் தபால் வரிசையில்தான் போகிறது: சிறியது முன்னால், பெரியது பின்னால். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறை அது. சர்வர் அமைப்புகளில் பெரியதை முன்னால் வைத்தால் ஒரு வசதி கிடைக்கிறது. பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போது ஒரே பிரிவைச் சேர்ந்தவை தாமாகவே பக்கத்தில் வந்து உட்காரும். முன்பகுதியை மட்டும் கொடுத்து, மீதிக்கு நட்சத்திரக் குறி போட்டால் அந்தப் பிரிவு முழுவதையும் பார்த்துவிடலாம். நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் ஷெல் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும்.

கே: இந்த நீளப் பெயரை, அதாவது பாதையை, ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் என்றைக்கும் மாறாதுதானே?
(விசைத்தறிக் கூடத்துக்குக் கணக்கு மென்பொருள் பார்ப்பவர், பொதட்டூர்பேட்டை)

ப: மாறும். உங்கள் பக்கத்து ஊரான பள்ளிப்பட்டையே பாருங்கள். 1960 மார்ச் வரை அதன் முகவரியில் சித்தூர் மாவட்டமும் ஆந்திரமும் இருந்தன. எல்லைப் பிரச்சினையைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997-இல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் ஆயிற்று. இதற்கிடையில் எந்த வீடும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மேலே இருந்த படிகள்தான் மாறிக்கொண்டே இருந்தன.

கிளாஸ்ஃபிஷிலும் இதேதான் நடந்தது. இரண்டாம் பதிப்பில் எச்டிடிபி-சர்வீஸ் என்ற பிரிவின் கீழ் இருந்த லிசனர், 2009 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் நெட்வொர்க்-கான்ஃபிக் என்ற வீட்டுக்குக் குடிபோனது. பழைய பாதையை நம்பிய ஸ்கிரிப்ட்கள் திருத்தத்துக்கு வந்தன. ஆகவே ஒரே பாதையை இருபது இடத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அதையே அழையுங்கள். புதுப் பதிப்பு வந்ததும் கிளாஸ்ஃபிஷின் நிர்வாகக் கருவியான ஏஎஸ்அட்மின் கட்டளையால் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள்.

1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கவனியுங்கள். காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி இன்று மூன்று வெவ்வேறு மாவட்டங்கள், மூன்றுக்கும் எண் 631 என்றுதான் தொடங்குகிறது. நிர்வாகப் படிகளைச் சாராத அடையாளம் என்பதால் அது பிழைத்தது. நீங்களே பெயர் வைக்கும் இடங்களில், டேட்டாபேஸ் பூலுக்கோ (இணைப்புகளின் தொகுப்பு) லிசனருக்கோ, இந்தக் குணத்தையே தேடுங்கள். ஐ.பி. எண், பதிப்பு எண், கட்டடத்தின் பெயர் எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

கே: பூலுக்கு ‘ஸ்டாக்.குடோன்’ என்று புள்ளி வைத்துப் பெயரிட்டேன். சர்வர் கண்டுபிடிக்க மறுக்கிறது.
(பொன்னேரி வாசகர்)

ப: புள்ளியைப் பார்த்ததும் அடுத்த படி என்று அது நினைக்கிறது. புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போட்டால் புரிந்துகொள்ளும். அதையும் ஷெல் விழுங்காமல் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். பேசாமல் ‘ஸ்டாக்-குடோன்’ ஆக்கிவிடுங்கள்.

கே: பூலுக்கு என் மேலாளரின் பெயரை வைக்கலாமா?

ப: வேண்டாம். அவர் மாற்றலாகிப் போனபின் வருபவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. செய்யும் வேலையைப் பெயராக வையுங்கள்.

கே: பூலின் காத்திருப்பு நேர அமைப்பில் 60 என்று போட்டேன். ஒரு நிமிடம் காத்திருக்கும் என்று பார்த்தால் உடனே பிழை காட்டுகிறது. ஏன்?
(சிப்காட் ஒப்பந்தப் பணியாளர், கும்மிடிப்பூண்டி)

ப: பெயரின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். ‘மேக்ஸ்-வெயிட்-டைம்-இன்-மில்லிஸ்’ என்று முடிந்தால் அது மில்லி விநாடி. ஒரு நிமிடத்துக்கு 60000 போட வேண்டும். அதே பூலில் ‘ஐடில்-டைம்அவுட்-இன்-செகண்ட்ஸ்’ இருக்கிறது, அதற்கு 300 என்றால் ஐந்து நிமிடம். ஒரே பூலில் இரண்டு அலகு வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அலகைப் பெயரிலேயே எழுதி வைத்தார்களே, அது பெரிய உபகாரம். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததற்குக் காரணம், ஒரு குழு பவுண்டில் கொடுத்த விசைக் கணக்கை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான். எண் வாங்கும் எந்த அமைப்புக்கும் அலகு இல்லாத பெயர் வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கே: சூழல் மாறியின் பெயரில் புள்ளி வைத்தால் ஷெல் ஏற்க மறுக்கிறதே?
(திருத்தணி வாசகி)

ப: பாஷ் ஷெல்லில் மாறியின் பெயருக்கு எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே அனுமதி. எனவே ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் ‘சர்வர்.போர்ட்’ என்பதைப் பெரிய எழுத்தில், புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு எழுதுகிறோம். இடைக்கோடு வந்தால் உஷார்! ஸ்பிரிங் பூட்டில் அதை அடியோடு நீக்க வேண்டும், இன்னொரு ஜாவா தரமான மைக்ரோபுரொஃபைலில் அதையும் அடிக்கோடாக்க வேண்டும். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் மதிப்பு போய்ச் சேராது.

கே: கடவுச்சொல்லையும் அப்படியே அமைப்பில் எழுதலாமா?

ப: கூடாது. கிளாஸ்ஃபிஷில் கடவுச்சொல்லுக்கு ஒரு மாற்றுப்பெயர் உருவாக்கி, அமைப்பில் அந்தப் பெயரை மட்டும் எழுத வழி இருக்கிறது.

கே: அமைப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாதா?
(பள்ளி ஆசிரியர், பள்ளிப்பட்டு)

ப: ஆசை நியாயமானது. ஆனால் பெயர் ஷெல், ஸ்கிரிப்ட், சூழல் மாறி என்று பல கைகள் மாறுகிறது, எங்காவது ஓரிடத்தில் தமிழ் எழுத்து சிதையும். ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பையே நேரடியாகப் படித்தால் இன்றும் பழைய லத்தீன் குறியீடாகத்தான் எடுத்துக்கொள்ளும். பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கிளாஸ்ஃபிஷ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு தமிழைத் தாங்கும். அங்கே ஒவ்வொரு பூலுக்கும் ‘விளக்கம்’ எழுத ஓர் இடம் உண்டு, பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. இந்தப் பூல் எதற்கு, எந்த மென்பொருள் இதைப் பயன்படுத்துகிறது, எதைத் தொடக்கூடாது என்பதை அங்கே தமிழில் எழுதுங்கள். இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்திருக்கும் அடுத்த பிள்ளைக்கு அது புரிய வேண்டும்.