எலுமிச்சைப் புல் வளர்ப்போர் கவனத்துக்கு

விதை தேடி அலையாதீர்கள். விதை போட்டு வளர்ப்பது கேரளத்தில் எண்ணெய்க்காகப் பயிரிடும் மலபார்ப் புல். டீயில் போடும் வகை பூப்பதே அபூர்வம். கடையில் அடிக்குருத்தோடு நாலு தண்டு வாங்கி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். வீட்டிலேயே நல்ல காபி டம்ளர்தான் இதற்குத் தோது. அப்பா தேடும்போது முழிக்க வேண்டும், அவ்வளவே.

பிறகு தொட்டி. சின்னது போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், நம்புங்கள். மூன்றடிக்குத் தோகை விரித்து, பிளாஸ்டிக்கின் விலாவை வேர் பிளக்கும்போது பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்.

தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். இந்தப் புல்லைக் கொல்ல ஆசைப்பட்டால் வழி இருக்கிறது: ஓட்டையில்லாத தொட்டியில், மண் காயும் முன்பே காலையும் மாலையும் பாசத்தோடு தண்ணீர் ஊற்றுங்கள். வேர் அழுகிவிடும். சோம்பேறிகளிடம் மட்டும் அது தழைக்கும்.

கொசு ஓடிவிடும் என்று வாங்கியிருந்தால், தோகைமேல் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை எண்ணிப் பொழுதுபோக்கலாம். சிட்ரால் வாசனை இலைக்குள் அடைந்து கிடக்கிறது, கசக்கினால்தான் வெளிவரும். கொசு எண்ணெய்க்குப் பேர்போனது இதன் பங்காளியான சிட்ரோனெல்லா. அதன் அடித்தண்டில் செம்மை படிந்திருக்கும். நர்சரிக்காரர் அதை மாற்றிக் கொடுத்துவிட்டால் டீ கொசுவர்த்தியாக மணக்கும். எனக்கு மணந்தது. விருந்தாளிகள் ‘மூலிகை’ என்று பாராட்டிக் குடித்தார்கள்.

அறுக்கும்போது அரைச் சாண் அடி விட்டு வெட்டுங்கள். முழுக்கைச் சட்டை அவசியம், இலை விளிம்பு ரம்பம்.

இனி, வெட்டியதை என்ன செய்வது? ஃபில்டர் காபி வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. டீ போட்டுப் பார்க்கலாம்: இரண்டு இலை, ஒரு துண்டு இஞ்சி, ஐந்து நிமிடக் கொதி. முதல் வாரம் எல்லோரும் குடிப்பார்கள். இரண்டாம் வாரம், “மாட்டுக்குப் போடுறத எனக்கு எதுக்குடா?” என்பார் அம்மா. (மாடும் அதை விரும்பித் தின்னாது.) ரசத்தில் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றி வீட்டில் இன்றும் பேசுவதில்லை.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும். ஒரு தூர் இருபதாகும். பத்தொன்பதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கிரகப்பிரவேசத் தாம்பூலப் பையிலும் செருகலாம். ஆனால் மேல்வீட்டு மாமி கனமான பையோடு, “உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்” என்று படியிறங்கி வந்தால், கதவைத் திறக்காதீர்கள்.