எந்த வெளிநாட்டான் மிதிக்கிறான்?

சைக்கிள் பந்தயத்தில் மூன்று வருடம் தொடர்ந்து மலேசியாவை எவனாலும் அசைக்க முடியவில்லை. 'லெ தூர் டி லங்காவி'யின் ஒட்டுமொத்தப் பட்டத்தை 2018-இல் திரங்கானு அணி தட்டிச் சென்றது. 2019-இலும் 2020-இலும் சப்புரா அணி. மலேசிய அணிகள், மலேசியக் காசு, மலேசியச் சீருடை. சட்டைக்குள் இருந்த ஆட்கள்தான் கொஞ்சம் வேறு. முதலாமவர் ரஷ்யர் ஆர்தெம் ஒவெச்கின், அடுத்தவர் ஆஸ்திரேலியர் பென் டைபால், மூன்றாமவர் இத்தாலியர் டானிலோ செலானோ. அதனால் என்ன? சந்தையில் வாங்கி வந்த காளையாக இருந்தாலும் ஜல்லிக்கட்டில் பேர் வாங்குவது வீட்டுக்காரன்தானே.

அதற்கு முன்பே, 2010-இல், நம் நாட்டுப் பிள்ளை அனுவார் மானான் இதே பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்றுவிட்டார். மலேசியர் ஒருவர் வென்ற முதல் கட்டம் அது. அப்போது அவர் மிதித்ததோ ஒரு கொரிய அணிக்காக. ஆக, நம் ஆள் ஜெயித்தால் அணி கொரியாவுடையது. நம் அணி ஜெயித்தால் ஆள் ரஷ்யாவிலிருந்து வந்தவர். 1996-இல் தொடங்கிய பந்தயம் இது. கடைசி நாள் மேடையில் மஞ்சள் சட்டையோடு ஒரு மலேசியர் நின்று நான் பார்த்ததில்லை; யாரும் பார்த்ததில்லை.

வெளிநாட்டாரை அமர்த்துவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தொழில்முறை விளையாட்டு அப்படித்தான் ஓடும். நம் அணிகள் இருப்பது உலகச் சைக்கிள் கூட்டமைப்பின் மூன்றாம் படியில், 'கான்டினென்டல்' வகையில். மேல் இரண்டு படிகளில் ஓடுகிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டமைப்பே வரையறுத்திருக்கிறது. மூன்றாம் படிக்கு அந்த வரையறையும் இல்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, தைவான் என்று ஊர் ஊராகப் போய்ப் புள்ளி பொறுக்குவதுதான் இவர்களின் சீசன். பாவப்பட்ட பிழைப்பு. அதில் ஒருவன் ஜெயித்தால் கைதட்டத்தான் வேண்டும்.

என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. ஓர் அயல்நாட்டான் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்துப் புல்லரிக்கிற இதே நாடு, பினாங்கில் இன்னோர் அயல்நாட்டான் மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் ஹாரனை அழுத்துகிறது.

விடிவதற்கு முன் பாயான் லெப்பாஸ் பக்கம் போய்ப் பாருங்கள். பினாங்கின் தொழில்முறை அணி அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நேப்பாளத்தான், வங்காளதேசத்தான், மியன்மார்க்காரன். 1972-இல் திறந்த தொழிற்பேட்டை. அன்றைக்கு இன்டெல் வந்தது, பின்னாலேயே உலகமே வந்தது. இன்று அங்கே தொழிற்சாலை வேலைக்கும், சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலைக்கும், சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி இந்த அணி தினமும் பந்தயம் ஓடுகிறது. சீசனுக்கு விடுமுறை இல்லை. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று கூட்டமைப்பு விதி வைத்திருக்கிறது. இவர்கள் சைக்கிளில் பின்னால் கட்டியிருக்கும் அரிசி மூட்டையே அதைவிடக் கனம். தலைக்கவசம் கம்பெனி கொடுத்தது, மஞ்சள் நிறம், கட்டட வேலைக்கு. பந்தய அணிக்குப் பின்னால் உதிரிச் சக்கரத்தோடு ஒரு கார் வரும். இவர்களுக்குப் பின்னால் வருவது சிமெண்டு லோரி.

சம்பளத்தில் மட்டும் நம்ம டீம் ஒரு படி மேல். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கான்டினென்டல் வீரனுக்கு உலகம் கொடுக்காத உத்தரவாதத்தை மலேசியச் சட்டம் இவனுக்குக் கொடுத்திருக்கிறது. அதை வாங்குவதற்காக ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இருக்கிறதே, அது எந்தச் சட்டத்தில் வரும் என்று கேட்காதீர்கள். ஸ்பான்சர் ரகசியம்.

பந்தயம் என்றால் போலீஸ் மோட்டார் முன்னால் போய்ச் சாலையை மூடும். டத்தோக்கள் கொடியசைப்பார்கள். நம் தலைவர்களுக்குச் சைக்கிள் மீது பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடியசைக்க ஒன்று இருந்தால் அவர்களுக்கு எல்லாவற்றின் மீதும் பிரியம்தான். 1996-இல் லங்காவி பந்தயத்தை ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவர் அப்போதைய பிரதமர் மகாதீர். 1985-இல் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. அந்தப் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. 2014-இல் 24 கிலோமீட்டருக்கு இரண்டாவது பாலம் வந்தது, அதிலும் இல்லை. மோட்டார் போகலாம். வருடத்துக்கு ஒருமுறை மாரத்தான்காரர்கள் பாலத்தில் ஓடலாம். மிதித்து வேலைக்குப் போகிறவன் மட்டும் கீழே பெர்ரிக்குக் காத்திருக்கட்டும். கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்ட 2013-லேயே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மேலே கட்டிய பாலத்தில் ஒரு முழம் சைக்கிளுக்கு விடத்தான் யாருக்கும் யோசனை வரவில்லை. ஒருவேளை அந்தச் சுரங்கத்தில் விடுவார்களோ என்னவோ. வரட்டும், பார்க்கலாம்.

ஜார்ஜ் டவுனுக்கு வாருங்கள். 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த ஊர். இந்த ஊரில் அதிக மரியாதை பெற்ற சைக்கிள் அர்மேனியன் தெருவில் இருக்கிறது. 2012-இல் லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸகாரெவிச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அவர்கள் ஏறி உட்கார்ந்ததுபோல ஒரு நிஜமான பழைய சைக்கிளை அங்கே பொருத்தினார். அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த சைக்கிளுக்கு வழிவிட்டுக் கார்கள் மெதுவாகப் போகின்றன. அசையாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் பினாங்கில் சைக்கிளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கிப் பாருங்கள், தெரியும். சைக்கிளுக்கென்று சாயம் பூசிய தடத்தில் வரிசையாக மைவி கார்கள் நிற்கும். பினாங்கில் சைக்கிள் தடம் என்பது சம்மன் வராத கார் நிறுத்துமிடம். பேச்சா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பெரியவர்கள் அந்தக் கார்களைச் சுற்றிக்கொண்டு நடுச் சாலைக்கு வருவார்கள், முன்னால் உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணியின் முழங்கால்தான் அவர்களுக்கு பம்பர்.

சுவரில் இருக்கும் குழந்தைகள் சிரிப்பார்கள். சாலைக்கு வந்த குழந்தைகளுக்கு என்ன நடந்தது? 2017 பிப்ரவரி 18, விடியற்காலை, ஜொகூர் பாருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட்டத்தில் கார் மோதி எட்டுப் பேர் செத்தார்கள். பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரை. காரை ஓட்டியவர் மீதான வழக்கு விடுதலை, மறுபடி விடுதலை, 2022-இல் சிறைத் தண்டனை, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விடுதலை என்று போய் முடிந்தது. தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை, அது நீதிபதிகளின் வேலை. மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்து நாம் சொன்ன தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறேன். "அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ரோட்டில் என்ன வேலை? பெத்தவங்களைத்தான் உதைக்கணும்." இதைத் தவிர வேறு கேள்வி ஒன்று இந்த நாட்டின் வாயில் வந்ததா? அந்தப் பிள்ளைகள் இரவில் விளையாட ஒரு திடல் இருந்ததா, அவர்களில் ஒருவனுக்காவது முறையான பயிற்சியாளர் கிடைத்திருப்பாரா என்று யாராவது கேட்டோமா? பிறகு போலீஸ் செய்ததெல்லாம் பிள்ளைகளின் பிரேக் கழற்றிய சைக்கிள்களைப் பறிமுதல் செய்ததுதான். பறிமுதல் செய்யச் சைக்கிள் கிடைத்தது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. பயிற்சியாளருக்கும் ரஷ்யாவுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும் போலிருக்கிறது.

நம் தமிழர்களையும் விட்டுவிட மாட்டேன். தோட்டத்தில் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்தவன் நம் தாத்தா. தெருத் தெருவாகப் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். முருகையன் குமரேசன் மலேசியாவுக்காக ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டியவர். அந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், பிறகு வெட்கப்படலாம். அந்தப் பரம்பரையில் வந்த நாம் இன்று கார் கண்ணாடியை இறக்கி, ஓரமாகப் போகிற வங்காளதேசத்தானைப் பார்த்து, "இவனுங்க தொல்லை தாங்கல" என்கிறோம். நம் குடியிருப்புப் பக்கம் அவர்கள் தங்கும் விடுதி வரக்கூடாது என்று மனு எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம். கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களைப் பற்றியும் இந்த ஊரில் யாரோ இப்படித்தான் மனு எழுதியிருப்பான். கையெழுத்துதான் வேறு.

பந்தய உலகில் ஆகஸ்ட் மாதம் வந்தால் வீரர்கள் அணி மாறும் காலம். யார் எங்கே போகிறார், எவ்வளவுக்குப் போகிறார் என்று பேச்சு ஆரம்பித்துவிடும். லங்காவியை வென்ற அடுத்த வருடமே டைபால் உலகின் முதல்படி அணி ஒன்றில் சேர்ந்தார். சந்தோஷம், அவர் கால் அவருடையது. பாயான் லெப்பாஸ் வீரனுக்கும் பெர்மிட் முடியும் நாள் என்று ஒன்று உண்டு. அவனால் அணி மாற முடியாது. பெர்மிட்டில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் மிதிக்க வேண்டும். விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனால் அவன் ஓடிப்போனவன், கள்ளக்குடியேறி. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் முதலாளிகளிடம் கேட்டால், பத்திரத்துக்காக வைத்திருக்கிறோம் என்பார்கள். ஊருக்குப் போகும்போது அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வான். சைக்கிளை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போவான், அடுத்து வருகிறவனுக்கு வேண்டுமே.