பூங்காவுக்கு வந்த வாழைக்காரர்

அக்னி நட்சத்திரம் பிறந்ததும் திருச்சிப் பூங்காக்களில் ஒருவரைத் தவறாமல் பார்க்கலாம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு சீப்புப் பூவன். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "எவ்வளவு இருக்கும், ரெண்டு ஏக்கரா?" என்று கேட்பார். சந்தேகமே வேண்டாம், எங்கள் தொட்டியத்துக்காரர்தான்.

வருஷம் முழுக்க வாழைக்குள்ளும் கொடிக்காலிலும் கிடக்கிற மனிதருக்குப் பூங்கா எதற்கு? பேத்திக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, மகள் வீடு திருச்சியில். "அப்பா, பார்க்குக்கு வாங்க, காத்தாட உக்காரலாம்" என்று மகள் கூப்பிடுகிறாள். வயலில் இருக்கிற காற்றை விட்டுவிட்டு, முசிறி, குணசீலம் வழியாகப் பேருந்தில் வெந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார், காற்று வாங்க.

உள்ளே நுழைந்ததும் அவருடைய வேலை ஆரம்பம். முதலில் மாட்டிக்கொள்வது புல்வெளி. "புல்லுக்கு இவ்வளவு தண்ணியா? மேய மாடு எங்க?" அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் சொன்னால், அவரைப் பார்க்கிற பார்வையிலேயே பெண் கொடுத்த வருத்தம் தெரியும். அடுத்தது கல்வாழை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் அந்தப் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்து, "வாழைன்னு பேரு. தாரும் இல்ல, இலையில சோறும் போட முடியாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நகர்வார். விசிறி வாழையிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. அண்ணாந்து பார்த்து, "இதுக்கு முட்டு கொடுக்கணும்னா எந்தச் சவுக்கு எட்டும்?" என்பார்.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில்தான் அவருக்கு நிஜமான சோதனை. ஸ்ரீரங்கத்தை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில் வனத்துறை 2015இல் திறந்த இடம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை அங்கே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பரப்பளவில் அவருக்குப் புகார் இல்லை. டிக்கெட் எடுத்ததிலும் இல்லை. புழு தின்பதற்கென்றே செடி வளர்க்கிறார்கள் என்று பூங்கா ஊழியர் சொல்லக் கேட்டபோதுதான் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.

"புழு வந்தா என்ன மருந்து அடிப்பீங்க தம்பி?"

"மருந்தே அடிக்கக் கூடாதுங்கய்யா. அது தின்னாத்தான் பூச்சியாகும்."

"இலை பூரா தின்னுட்டா?"

"வேற செடி வைப்போங்கய்யா."

தொட்டியத்துக்காரர் ஒரு நிமிஷம் பேசவில்லை. கொல்லை எலுமிச்சங்கன்றில் காக்காய் எச்சம் போல ஒட்டிக்கிடந்து, வளர வளரப் பச்சையாகி, குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு நீட்டி நாற்றம் அடிக்குமே, அந்தப் புழு. கறிவேப்பிலையை ஒரே வாரத்தில் வெறும் ஈர்க்காக்கிவிட்டுப் போகுமே, அதன் தங்கச்சி. ஆயுசு முழுக்க அவர் நசுக்கியவை. அவற்றுக்குப் புத்தகத்தில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பேத்தி சொன்னாள். "அழகியா? நம்ம கன்னத் தின்னதெல்லாம் அழகியா?" எருக்கஞ்செடியைத் தின்னும் புழு வெந்தய வரியனாகும் என்று அவள் சேர்த்துச் சொன்னபோதுதான் கொஞ்சம் சமாதானம். எருக்கு யாருடைய பயிரும் இல்லை.

அங்கேயே நட்சத்திர வனம் ஒன்றும் உண்டு. அவர் ரோகிணி, ரோகிணிக்கு நாவல். மரத்தைக் கண்டுபிடித்துத் தட்டிப் பார்த்து, "ஆனி, ஆடியில பழுக்கும், அப்ப யாரு கூட்டியாருவா?" என்று மகளிடம் இப்போதே அடிபோட்டு வைத்தார்.

நான் கவனித்த வரையில், பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கைபேசியைப் பார்க்கிறார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். புளியோதரைக் குடும்பங்கள் டப்பாவைப் பார்க்கின்றன. செடியைப் பார்க்கிற ஒரே மனிதர் குறை சொல்லிக்கொண்டே நடக்கும் இவர்தான். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறார், மண்ணைக் கிள்ளி உருட்டுகிறார். திட்டுவது அவர் ரசிக்கிற முறை.

முக்கொம்புப் பூங்காவில் இந்த ரசனை உச்சத்துக்குப் போய்விடும். மரத்தடியில் உட்கார்ந்தாரானால் 1836இல் ஆர்தர் காட்டன் ஆரம்பித்த அணையிலிருந்து கதையைத் தொடங்குவார். கொள்ளிடம் பள்ளம், விட்டால் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் ஓடும், காவிரிக்குத் திருப்பத்தான் இந்த அணை என்று விரலால் தரையில் கோடு போடுவார். 2018 ஆகஸ்ட் இரவில் கொள்ளிடத்து மதகுகள் 9 உடைந்துபோனதைச் சொல்லும்போது பக்கத்துக் குடும்பமும் டப்பாவை மூடிவிட்டு நகர்ந்து வந்து உட்காரும். எதிரே காவிரி மே மாதத்து மணலாகக் கிடக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இங்கே தண்ணீர் வந்துவிடும் என்று, தானே திறந்துவிடப் போகிறவர் போல வாக்கும் கொடுப்பார்.

சாயங்காலம் திடீரென்று காற்று எழும். நாள் முழுக்க வெந்த கூட்டம், "அப்பாடா, என்ன காத்து!" என்று கண்ணை மூடிக்கொள்ளும். இவர் மட்டும் எழுந்துவிடுவார். தார் தள்ளின பூவன் தொட்டியத்தில் நிற்கிறது. கோடைக்காற்று சாய்த்துவிட்டால் ஒரு வருஷத்து உழைப்பு தரையில். கைபேசியை எடுத்து, முக்கொம்பு முழுக்கக் கேட்கும்படி, "டேய், அங்க காத்தா? முட்டெல்லாம் நிக்குதா பாரு!" என்பார். மறுமுனையில் காற்றே இல்லை என்று பதில் வந்த பிறகுதான் உட்கார்ந்து, "நல்ல காத்துதான்" என்று ஒப்புக்கொள்வார்.

இந்தக் கோடையில் இவர் உங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் "பார்க் எப்படி?" என்று கேட்காதீர்கள். "தார் என்ன விலை போகுது?" என்று கேளுங்கள், பொழுது போவதே தெரியாது. மஞ்சள் பையிலிருந்து பழம் நீட்டுவார், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தோலை மட்டும் அவர் கையில் விட்டுவிடாதீர்கள். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தாலும் அது ஏதாவது ஒரு கல்வாழை மூட்டுக்கு எருவாகத்தான் போகும், காவலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.