கல்யாணப் பத்திரிகை டிசைனரின் பயன்பாடு: ஓர் ஆய்வு

ஃப்ரீலான்ஸ் டிசைனர் என்பவர் முதலாளி இல்லாதவர். அதனாலேயே வருகிறவர் எல்லாரும் அவருக்கு முதலாளி. இந்த இனத்தில் ஆய்வுக்கு மிகவும் ஏற்றது கல்யாணப் பத்திரிகைப் பிரிவு. இங்கே வாடிக்கையாளர் ஒருவர் அல்லர்: மாப்பிள்ளை, பெண், இரு வீட்டுப் பெற்றோர், கடைசி நாளில் மட்டும் தோன்றும் பெரியப்பா.

வாடிக்கையாளர் கேட்பது அழகு. அவருக்குத் தேவை காவல். பிள்ளையாரை ‘இன்னும் கொஞ்சம் பெரிசா’ ஆக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வந்த மேட்டரில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று தினசரி காலண்டரைப் புரட்டுகிறவர் அரிது. முகூர்த்தம் வெள்ளியல்ல, வியாழன் என்று அச்சுக்கு முன் கண்டுபிடித்தவருக்கு அந்த வீட்டின் காதுகுத்தும் புதுமனை புகுவிழாவும் பேரம் பேசாமல் வந்து சேரும். “தாய்மாமன் பேர் விட்டுப்போச்சே சார்?” என்ற ஒரு கேள்வி பத்து டிசைனுக்குச் சமம், ஒரு குடும்பச் சண்டை அங்கேயே நின்றுவிடுகிறது.

தொழில்நுட்பப் பயன்களும் உண்டு. பாமினியில் அடித்த மேட்டர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். முணுமுணுக்காமல் யூனிகோடுக்கு மாற்றுவது முதல் பயன். போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வது இரண்டாவது. சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வரும். திரையில் மின்னும் மயில்பச்சை சிஎம்ஒய்கே அச்சில் மங்கும் என்பதை முன்னால் சொன்னால் ஆலோசனை, அச்சாகி வந்தபின் சொன்னால் சாக்கு.

பயன்பாடு அளவு மீறினால் நோயாகும். ‘அப்படியே ஒரு ஃப்ளெக்ஸ்’, ‘அப்படியே ஒரு வீடியோ’ என்பவை அதன் அறிகுறிகள். ‘அப்படியே’ வரும் வாக்கியத்தில் தொகை வராது.

பாக்கிக்குச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு தொழிலருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணைப் பெற்றவரிடம் இதை எடுத்துச் சொல்லும் துணிவுள்ள டிசைனர் இந்த ஆய்வில் அகப்படவில்லை. நடைமுறை வேறு: பாதி அட்வான்ஸ், குறுக்கே பெயர் போட்ட ப்ரூஃப், குடும்பத்தில் யாராவது ஒருவரின் எழுத்துபூர்வமான ‘ஓகே’. அச்சுக்கான பிடிஎஃப், மீதிப் பணம் ஜிபேயில் விழுந்த பிறகே போகும்.