நீருக்குத் தக்க படகு: கேள்வி – பதில்

இவ்வாரக் கடிதங்களில் பெரும்பகுதி பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையிலுள்ள ஆரம்பாக்கத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறக் குப்பங்களிலிருந்தும் வந்திருக்கிறது. விஷயமும் கார் ஒன்றாகவே இருப்பதால் சேர்த்தே விடையளிக்கிறேன்.

கே: எங்கள் ஊர் வழியே கல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் கார்கள் போகின்றன. ஹோண்டா, ஹூண்டாய், ஸ்கோடா என்று எத்தனையோ செடான்கள் கண்ணில் படுகின்றன; அமெரிக்கப் பெயர் தாங்கிய புது செடான் ஒன்றைக்கூடக் காணோமே, அவர்கள் வரவே இல்லையா?
— வாடகைக் கார் ஓட்டுநர், ஆரம்பாக்கம்

ப: வந்தார்கள் அன்பரே; ஒரு முறையல்ல, இரு முறை வந்தார்கள், இரு முறையும் திரும்பினார்கள். ஃபோர்டு 1926லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928லும் இந்நாட்டில் கடை விரித்து, பெட்டிகளில் வந்திறங்கிய உறுப்புகளைப் பூட்டிக் கார்களாக்கி விற்றன. சுதந்திரத்துக்குப் பின், பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யாமல் வெறுமே பூட்டி விற்கும் ஸ்தாபனங்களுக்கு இனி இடமில்லை என்று 1953ல் சர்க்கார் கொள்கை வகுத்தபோது, இரண்டும் விடைபெற்றுக்கொண்டன. பிறகு கதவு மறுபடி திறந்ததும், ஃபோர்டு 1995ல் மஹிந்திராவுடன் கைகோத்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல் ஓப்பல் அஸ்ட்ராவைக் கொண்டுவந்தது. பின்னது 2017ன் இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்திற்று. முன்னது, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டதாகச் சொல்லி, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது.

யந்திர சாமர்த்தியத்தில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் உங்கள் ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதும், கடலில் அலையைக் கிழித்துப் போகிற படகு அந்த ஏரியில் தரைதட்டி நிற்கும் என்பதும் உங்கள் குப்பத்துச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயமல்லவா? படகின் பெருமை படகில் மட்டும் இல்லை, அது மிதக்கிற நீரிலும் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கே: ‘நடுத்தர செடான்’ என்கிறார்களே, எது நடு?
— மளிகைக் கடைக்காரர், எளாவூர்

ப: நடு என்பது எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் நடுத்தரம் எனப்படும் டொயோட்டா கேம்ரி ஏறக்குறைய 4.9 மீட்டர் நீளம்; நம் ஊர்ச் சந்துக்குள் அது நுழைந்தால் எதிரே வருகிற மாட்டுவண்டி பின்வாங்க வேண்டியதுதான். இங்கே நடுத்தரம் என்பது நான்கு மீட்டரைத் தாண்டி ஏறக்குறைய நாலரை மீட்டரோடு நிற்பது. அந்த நான்கு மீட்டர்க் கோடு 2006ஆம் வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்தது: அதற்குள் அடங்கிய, சிறிய யந்திரமுடைய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அதன் பிறகு செடான்களும் வாலைச் சுருக்கிக்கொள்ளத் தொடங்கின. மாருதி டிசையர் 2012ல் அக்கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. வரி கட்டுகிறவனுக்கு ஒரு சாண் நீளமும் ஒரு கணக்குத்தான்.

கே: நான் பழகிய முதல் யந்திரம் ஃபோர்டு ஐகான். அவ்வளவு நல்ல வண்டியைக் கொடுத்தவர்கள் எப்படித் தோற்றார்கள்?
— மெக்கானிக், கும்மிடிப்பூண்டி

ப: உங்கள் வருத்தம் என் வருத்தமும் ஆகும். ஐகான் வந்தது 1999ல். முந்தைய வருஷமே ஹோண்டா சிட்டியும், நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சரும் வந்துவிட்டன. அதே 1999ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்டும் புறப்பட்டது. இத்தனை பேர் மத்தியில், ஐரோப்பிய ஃபியஸ்டாவின் எலும்புக்கூட்டின்மேல் இந்தியருக்கென்றே உருவாகி, மறைமலைநகரில் பிறந்து, மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஏற்றுமதியான அந்த வண்டி, ஓட்டுகிறவன் உள்ளத்தில் உற்சாகம் ஊட்டியதென்றால் அது மிகையன்று. இந்த நீருக்கென்று செய்த படகு அது, ஆகவே மிதந்தது.

இடறியது அதற்குப் பிறகு. புதிய ஃபியஸ்டா 2011ல் வந்தபோது உலகம் முழுவதற்கும் ஒரே வண்டி என்னும் கொள்கையோடு வந்தது. பின் ஆசனத்தில் கால் நீட்ட இடம் குறைவு, தொடக்க விலையோ அதே வருஷம் வந்த ஹூண்டாய் வெர்னாவைவிட லட்ச ரூபாய்க்கும் அதிகம். நம் நாட்டில் செடான் வாங்குகிறவர் முன்னால் அமர்ந்து சாலையை ரசிக்கிறவர் மட்டுமல்லர். பின்னால் தாயாரையும் மாமியாரையும் சமமான சௌகரியத்தோடு அமர்த்த வேண்டிய பொறுப்புள்ளவர். வெர்னா பல விலைப் படிகளில் நின்று அவரைக் கைநீட்டி வரவேற்றது. ஃபியஸ்டா மேல்படியில் நின்றுகொண்டு ஏறி வரச் சொன்னது. இதற்கிடையில் 2013ல் ஃபோர்டே வெளியிட்ட ஈகோஸ்போர்ட், நான்கு மீட்டருக்குள் உயரமாக நின்று, செடான் வாங்க வந்தவர்களில் பலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கே: மருமகன் பழைய அமெரிக்க செடான் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கப் பார்க்கிறார். சம்மதிக்கலாமா?
— மீன் வியாபாரம் செய்யும் அம்மையார், பழவேற்காடு

ப: அம்மா, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் வாங்குவதுண்டா? அதே சிரத்தையைக் காரிலும் காட்டச் சொல்லுங்கள். வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வண்டியில் இல்லை. நாளைக்கு உதிரிபாகம் கிடைக்குமா, திருப்பி விற்றால் யார் வாங்குவார் என்ற ஜனங்களின் அச்சத்தில் இருக்கிறது. ஃபோர்டு தன் வாடிக்கையாளருக்குப் பராமரிப்பும் பாகங்களும் தொடரும் என்று வாக்களித்தே உற்பத்தியை நிறுத்திற்று. ஆனாலும் உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள பணிமனை எது, அடிக்கடி தேய்கிற பாகங்கள் அங்கே இருப்பில் உள்ளனவா என்று முதலில் விசாரிக்க வேண்டும். உப்புக்காற்று ஊர் உங்களுடையது. அடிப்பகுதியில் துருவேறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும், வாங்கிய பிறகு அடியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவட்டும். ஜப்பானியரும் கொரியரும் இங்கே வென்றதில் பாதி, வண்டியை விற்ற பிறகு நடந்த சேவையில்தான். மாருதிக்குச் சிற்றூரிலும் ஒரு பணிமனை உண்டென்ற தைரியம் எந்த விளம்பரத்தையும்விடப் பலமானது.

கே: சொந்த நாட்டிலாவது அமெரிக்கர்கள் ஜெயித்தார்களா?
— கல்லூரி மாணவர், ஆரம்பாக்கம்

ப: கடுமையாகப் போராடினார்கள். 1973ல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, பெட்ரோலைக் குடிக்கும் உள்நாட்டுப் பெரிய கார்களுக்குப் பதிலாக ஜப்பானியரின் சிக்கனமான கார்களை ஜனங்கள் நாடினர். 1981ல் அமெரிக்க சர்க்காரின் நெருக்குதலால் ஜப்பான் தன் ஏற்றுமதிக்கு வருஷம் 16 லட்சத்து 80 ஆயிரம் கார்கள் என்று எல்லை கட்டிக்கொண்டது. இதற்கிடையே யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது: வேலிக்கு வெளியே நிற்பதைவிட வேலிக்குள்ளேயே வீடு கட்டுவது மேல் என்று ஹோண்டா 1982ல் ஒஹையோ மாநிலத்து மேரிஸ்வில்லில் அக்கார்டையும், டொயோட்டா 1988ல் கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனில் கேம்ரியையும் அமெரிக்கத் தொழிலாளர் கைகளாலேயே செய்யத் தொடங்கின. அக்கார்ட் 1989ல் அந்நாட்டில் விற்பனையில் முதலிடம் பெற்ற காராயிற்று. ஃபோர்டு டோரஸ் வீறுகொண்டு எழுந்து 1992 முதல் 1996 வரை அந்த ஸ்தானத்தை மீட்டுக்கொண்டது. 1997ல் கேம்ரி அதைப் பறித்தது. முடிவில் ஃபோர்டு 2018ல் செடான்களையே கைவிடத் தீர்மானித்து 2020ல் ஃப்யூஷனை நிறுத்த, 2024ல் செவ்ரோலே மாலிபுவும் நின்றது. கேம்ரியும் அக்கார்டும் இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

கே: அமெரிக்க செடானின் சரிவுக்கும் கோழிக்கும் சம்பந்தம் உண்டென்று என் மகன் சொல்கிறான். விளையாடுகிறானா?
— கறிக்கடைக்காரர், தடா

ப: உங்கள் மகன் சொல்வது முழு வாஸ்தவம். அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டது. அதற்குப் பதிலடியாக 1964 முதல் இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை என்றோ ஓய்ந்தது. வரி மட்டும் ஓயவில்லை. அந்த வரி வேலிக்குள் போட்டி குறைவு, லாபம் அதிகம் என்று கண்ட அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் சிந்தையையும் செல்வத்தையும் டிரக்கிலேயே கொட்டின. போட்டி மிகுந்த செடானுக்கு மிஞ்சியதே கிடைத்தது. பாதுகாப்பு ஒருவனைக் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவன் கால்கள் ஓட மறப்பதும் அங்கேதான்.

கே: ஜப்பானியருக்குத் தரம் எங்கிருந்து வந்தது?
— பள்ளி ஆசிரியை, கும்மிடிப்பூண்டி

ப: பெருமளவு, ஓர் அமெரிக்கரிடமிருந்து! எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியல் அறிஞர் 1950ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்தார். அவர்கள் அவர் பெயரால் 1951ல் ஒரு பரிசையே நிறுவினார்கள். சொந்த வீட்டில் கேட்பாரற்ற உபதேசம் அடுத்த வீட்டில் வேதமாயிற்று. அந்த டெமிங் பரிசை 1998ல் முதன்முதல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் என்பதை உங்கள் மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். கலிபோர்னியாவின் ஃபிரிமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் இழுத்து மூடிய தொழிற்சாலையை 1984ல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், ஆனால் வெளிவந்த கார்களோ முன்னிலும் மிக நேர்த்தியானவை. குற்றம் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை, அவனை நடத்திய முறையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கே: வெளிநாட்டார் போட்டி எங்கள் ஏரிக்குப் புதிதா?
— சரித்திர ஆர்வலர், பழவேற்காடு

ப: புதிதே அன்று. போர்த்துகீசியரோடு போட்டியிட்டு டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது, இக்கரை நெசவாளர்களின் துணிகளை ஏற்றிச் சென்று கிழக்குத் தீவுகளில் வாசனைத் திரவியங்களுக்கு மாற்றிக்கொள்வதற்காக. அந்த வியாபாரம் செழித்ததற்குக் காரணம், தீவுவாசிகள் எந்த வர்ணத்தை, எந்தக் கரையை விரும்பினார்களோ அதையே நெய்வித்தது. ஆம்ஸ்டர்டாம் கனவான்களின் ரசனையைத் தீவுகளில் திணிக்கவில்லை. வாங்குகிறவன் கண்ணால் சரக்கைப் பார்ப்பவனே விற்கிறான் என்ற பாடத்தை உங்கள் கரை நானூறு வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது.

கே: ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு; இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று இடம் மாறும். கார் வியாபாரத்தில் அப்படி ஒரு நியாயம் உண்டா? போன ஃபோர்டு திரும்பி வருமா?
— மீனவர், ஆரம்பாக்கத்துக் குப்பம்

ப: இவ்வாரக் கேள்விகளில் என் நெஞ்சைத் தொட்டது இதுதான். வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்து, முறை வைத்து மீன்பிடிக்கும் உங்கள் வழக்கம், போட்டியையும் பசியையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த முன்னோர் கண்டது. சந்தையில் அம்மாதிரி முறை இல்லை. அங்கே தோற்றவனுக்காகச் சீட்டுக் குலுக்குவார் எவருமில்லை. மறைமலைநகரிலும் குஜராத்தின் சானந்திலும் ஏறக்குறைய 4,000 தொழிலாளர்களின் வேலையை ஃபோர்டின் முடிவு பாதித்தபோது, கார் செய்யத் தெரிந்த அந்தக் கைகள் எந்தத் தவறும் செய்தவை அல்ல என்பதை நாம் மறக்கலாகாது. பின்பு 2024 செப்டம்பரில் மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதி உற்பத்திக்காகத் திறக்கும் விருப்பக் கடிதத்தைத் தமிழக அரசிடம் ஃபோர்டு அளித்தது. 2025ல் அங்கே கார் யந்திரங்கள் செய்யும் திட்டத்தையும் அறிவித்தது. காராக இல்லாமல் யந்திரமாகத் திரும்புகிறது. இருந்தாலும் அந்தக் கைகளுக்கு வேலை வருமானால் அதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் திரும்பி வருகிறவர்கள் இம்முறை உங்கள் குப்பத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். பாடு கிடைத்த நாளிலும் மீன் தானாக வலைக்கு வருவதில்லை. நீரின் ஓட்டமறிந்து கழி ஊன்றி, விடியுமட்டும் விழித்திருக்கிறவனுக்கே அது வருகிறது. பாடு என்பதும் பாடுபடுவது என்பதும் தமிழில் ஒரே சொல்லிலிருந்து பிறந்திருப்பது, உங்களைப் போன்றவர்கள் தினமும் ஏரியில் மெய்ப்பிக்கிற உண்மையாகும்.