தங்கம், வெள்ளி, சிங்கம்புணரி

பெறுநர்: இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சிங்கம்புணரி ஓட்டு வீட்டை ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு முத்ரா கடன் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததும் என் மைத்துனர் எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மச்சான், இது வீடு இல்ல, சொத்து" என்றார். அதுவரை அது ஐப்பசியில் ஒழுகும் வீடாக மட்டுமே இருந்தது.

உங்கள் விதிகளைப் படித்தேன். 6 அறைக்கும் 12 படுக்கைக்கும் மேல் போகக் கூடாது என்கிறீர்கள். எங்களிடம் இருப்பதே இரண்டு அறைதான். வரம்பு மீற ஆசை இருந்தும் வசதி இல்லை. அறை 200 சதுர அடி இருந்தால் தங்கத் தரம், 120 இருந்தால் வெள்ளித் தரம். எங்கள் அறையில் பாதியை நெல் குதிர் பிடித்திருக்கிறது. குதிரையும் சேர்த்து அளப்பீர்களா?

வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டுமாம். நல்ல விதி. ஆனால் கானாடுகாத்தான் பக்கம் வந்து பாருங்கள். பர்மா தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் வைத்து இழைத்த வீடுகளில் கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் கதவு திறக்கிறது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, சாவிக்கொத்து மட்டும் காவலாளியின் இடுப்பில் குடியிருக்கிறது. அங்கே வீடு உண்டு, ஆள் இல்லை. இங்கே அப்பத்தா உட்பட எட்டுப் பேர் நிரந்தரமாக இருக்கிறோம், வீடுதான் உங்கள் அளவுக்கு இல்லை.

அறைக்குள் 20 முதல் 25 டிகிரி வெப்பநிலை வேண்டும் என்றும் உங்கள் பட்டியலில் பார்த்தேன். அக்கினி நட்சத்திரத்தில் சிவகங்கை மாவட்டத்துக்கு யாராவது வந்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போட்டார்களா என்று கேட்க மாட்டேன், மரியாதை தெரிந்தவன். அலமாரியில் குறைந்தது 4 ஹேங்கர் என்ற விதியை மட்டும் அன்றே நிறைவேற்றிவிட்டோம். அலமாரிதான் பாக்கி.

அடுத்தது விளம்பரம். அதையும் மைத்துனரே ஏற்றுக்கொண்டார். "சிங்கம்புணரின்னு போட்டா எவன் வருவான்? செட்டிநாடுன்னு போடு" என்றார். அந்தப் பெயருக்கு மவுசு உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. இன்னும் உத்தேசத்திலேயே இருக்கின்றன. படம் பிடிக்க வந்த தம்பி முதலில் கேட்டது ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, சூளையில் வைக்காமல், தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல் அது. மிதிக்க மிதிக்க மெருகேறும். எங்கள் தரை சிவப்பு சிமெண்டு. மிதிக்க மிதிக்கப் பெயர்கிறது. "ஸ்டிக்கர் கிடைக்குதுண்ணே, ஒட்டிரலாம்" என்றார் தம்பி.

கதவுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். இடித்த வீடுகளின் தூண், நிலை, உத்திரம், பீங்கான், எனாமல் தட்டு எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். லட்சுமி செதுக்கிய நிலைக்கதவு ஒன்று சாய்ந்து நின்றது. அதை வாங்கிவந்து எங்கள் சுவரில் பதித்து, செட்டிநாட்டு வீடு என்று காட்டி ஆள் பிடிக்க வேண்டும். அந்தக் கதவு இருந்த வீட்டை இடிக்காமல் விட்டிருந்தால் விருந்தாளியை நேராக அங்கேயே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது. கடன் அறிவித்த அரசுக்கும் எப்போதாவது தோன்றினால் சரி.

எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இது கயிற்று ஊர். தேங்காய் நாரும் தூசியும் காற்றோடு வரும். "அமைதியான சூழல்" என்று எழுத எனக்குக் கை நடுங்குகிறது. வைகாசியில் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் தேர் நிலைக்கு வந்ததும் தேரடியில் ஆயிரக்கணக்கான தேங்காய் பறக்கும். அன்றைக்கு முதலுதவிப் பெட்டி வைத்திருப்பதை நான் மனதார ஏற்கிறேன். பக்கத்தில் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பது எங்கள் கட்சி. வாகனம் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனவருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை இணையத்தில் அனுப்ப வேண்டும் என்பதிலும் சிக்கல் இல்லை. அப்பத்தாவுக்குப் பத்து நிமிடம் போதும். எந்த ஊர், என்ன சம்பளம், எத்தனை பிள்ளை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை வாங்கிவிடுவார். உங்கள் படிவத்தில் அத்தனைக்கும் இடம் போதாது, தனித்தாள் இணைக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் தீரவில்லை. ஒத்திகைக்காக மைத்துனரின் நண்பர் குடும்பத்தை ஒரு ராத்திரி தங்கவைத்தோம். காலையில் பணத்தை நீட்டினார்கள். "இலை போட்டுச் சோறு வச்சதுக்குக் காசு வாங்குவியாடா?" என்று அப்பத்தா அதைத் திருப்பிக் கொடுத்ததோடு, கிளம்பும்போது ஒரு படி கடலையும் கட்டிக் கொடுத்தார். ஆகவே, கட்டண அட்டையை அப்பத்தா கண்ணில் படாத இடத்தில் மாட்டிக்கொள்ள விதியில் இடம் உண்டா என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓட்டு வீட்டுக்காரன்,
சிங்கம்புணரி.