பின்கட்டு வைஃபையின் தேய்வும் தீர்வும்: ஓர் அக்சஸ் பாயின்ட் ஆய்வு

நோக்கமும் எல்லையும்

ஹாலில் கொழுத்துத் திரியும் வைஃபை, பின்கட்டுப் படுக்கையறையை எட்டும்போது இளைத்துப்போவது ஏன் என்பதையும், அதற்கு எளிய அக்சஸ் பாயின்ட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பக்கத்து வீட்டார் பாஸ்வேர்டு கேட்கும் சிக்கல் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அது அறவியலில் அடங்கும்.

அக்சஸ் பாயின்டின் தொழில் ஒன்றே: லேன் கேபிளில் வருவதை அலையாக்குதல், அலையில் வருவதைக் கேபிளில் ஏற்றுதல். கருவிகளுக்கு முகவரி வழங்குவது ரூட்டரின் தொழில். அற்றேல், பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையே அக்சஸ் பாயின்டாக வைத்தல் ஆகாதோ எனின், ஆகும். அதன் லேன் முகவரியை மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை லேன் போர்ட்டில் செருகுக. நிறுத்தாவிடில் ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்குவர். யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்துச் சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது. பழி கனெக்‌ஷன் கொடுத்தவர்மேல் விழும்.

முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று நெறியினர் உளர்.

முதலாமவர் கொம்பு நெறியினர். ஆண்டெனா மிகுந்தால் சிக்னல் மிகும் என்பர். சிக்னல் வராத அறையை நோக்கி அதன் நுனியைச் சாய்த்தும் வைப்பர். குச்சி ஆண்டெனா அலையைப் பக்கவாட்டில்தான் மிகுதியாக வீசும். நுனிக்கு நேரே மிகக் குறைவு. எனவே இவர்கள் சுட்டிக்காட்டும் அறையே பெரிதும் வஞ்சிக்கப்படுகிறது.

இரண்டாமவர் எண் நெறியினர். அட்டைப்பெட்டியில் ஏசி1200 என்றிருப்பதை 1200 எம்பிபிஎஸ் வேகம் எனக் கொள்வர். அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867 ஆகியவற்றின் கூட்டல். கூட்டினால் 1167 வரும். எஞ்சிய 33 உற்பத்தியாளரின் அன்பளிப்பு. போனோ பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும். மலிவான சில பெட்டிகளின் பின்னால் இருக்கும் போர்ட்டுகளோ 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடுபவை. இதை இந்நெறியினர் பில் போட்ட பிறகே படிப்பர்.

மூன்றாமவர் ரிப்பீட்டர் நெறியினர்; கேபிள் இழுக்க அஞ்சியவர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதையும் சிக்னல் செத்த அறையிலேயே மாட்டுவது இவர்கள் மரபு. அங்கே போனில் ஃபுல் சிக்னல் காட்டும். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

கள நிலவரம்

ரூட்டரின் இருப்பிடத்தை இயற்பியல் முடிவு செய்வதில்லை. ஃபைபர் கொண்டுவந்தவர் எங்கே முதலில் ஓட்டை போட்டாரோ அதுவே இடம். பெரும்பாலும் ஹாலின் தெருப்பக்க மூலை. பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டார் அதை டிவிக்குப் பின்னே ஒளித்துவைப்பர். அலையானது டிவியைக் கடந்து, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து, இரும்பு பீரோவில் முட்டிக்கொள்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரில் சீக்கிரம் களைக்கும். 2.4 சற்றுத் தாங்கும். ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45இல் இயங்குவது. அந்தப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள் 1, 6, 11 என மூன்றே.

விலை கூடிய பெட்டி சுவரைத் துளைக்குமே எனின், அஃதன்று. இந்தியாவில் 2005 முதல் 2.4 பட்டைக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆற்றலுக்கு மட்டும் வரம்பு உண்டு. வரம்பே இல்லை என்று கொண்டாலும், பதில் சொல்ல வேண்டியது பேட்டரியில் பிழைக்கும் போன். பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும். போன் முனகுவது பெட்டிக்குக் கேட்காது.

முடிபு

ஆகவே தேர்வுக்குரியது பெட்டியின் வலிமையன்று, இடமே என்பது பெற்றாம். போன் இருக்கும் பக்கம் அக்சஸ் பாயின்ட் போக வேண்டும். அதற்கு முன் கேபிள் போக வேண்டும். வைஃபை 6, இரண்டு பட்டைகள், ஜிகாபிட் போர்ட், டபிள்யூபிஏ3 பாதுகாப்பு ஆகியவை இருந்தால் போதும். சீலிங்கில் மாட்டுவதானால் பிஓஇ உள்ளதை வாங்குக. மின்சாரமும் அதே கேபிளில் ஏறிவரும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை செல்லும். அது போதாத வீட்டுக்காரர் இதற்கெல்லாம் தனியாக ஆள் வைத்திருப்பார்.

மேலாய்வுக்குரியன

கேபிள் டிவிக்காகச் சுவருக்குள் போட்ட பைப் காலியாக இருந்தால் எலக்ட்ரீஷியன் அதிலேயே இழுத்துவிடுவார். இல்லையேல் ட்ரில் மெஷின்தான். பெயின்ட் அடித்த சுவரில் ஓட்டை போட அனுமதிக்கும் அதிகாரம் வீட்டில் யாரிடம் உள்ளது, எந்த வேளையில் கேட்டால் கிடைக்கும் என்பன விரிவாக ஆராயத்தக்கவை. அந்த அனுமதி கிடைத்த வீட்டில் ஏறக்குறைய எந்தப் பெட்டியும் வேலை செய்யும். கிடைக்காத வீட்டில், இருப்பதிலேயே விலை உயர்ந்த பெட்டியும் டிவிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும்.